கலயத்தில் தடவிய சுண்ணாம்பு

சென்ற பெரிய வியாழனன்று என் அண்ணன் மகன் இங்கிலாந்திலிருந்து கடலூருக்கு வந்து சேர்ந்தான். அவனுக்கு இப்போது 33 வயது. ஆறாம் வயதில் தந்தையை இழந்தவன். மஞ்சக்குப்பத்தில் என் வீட்டில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்தவன். அவனுடைய அன்னை, என் அண்ணி, சிதம்பரத்தில் ஆசிரியைப் பணி புரிந்து ஓய்வு பெற்று அங்கேயே வசித்து வருகிறார்கள். தான் புது நன்மை வாங்கிய ஆலயத்தில் பரிசுத்த வாரத்தைக் கழிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. பாதம் கழுவும் சடங்கையும், பெரிய வெள்ளியின் சிலுவைப் பாதையையும் சிறுவனைப் போல் உடனிருந்து கண்டு மகிழ்ந்தான்.

சனிக்கிழமை காலையில் அவன் தன் பெட்டியைத் திறந்தபோதுதான் சோதனை தொடங்கிற்று. உடைகளுக்கு நடுவே கட்டியான பழுப்புநிற மால்ட் பாகு அடைத்த பை ஒன்று, உலர்ந்த ஹாப்ஸ் பூவை அரைத்து உருட்டிய சிறு உருண்டைகள், பால்மானியைப் போன்ற கண்ணாடிக் கருவி, 11 கிராம் எடையுள்ள சிறு பொட்டலம் ஆகியவை இருந்தன. "இது என்ன மருந்து?" என்று கேட்டேன். "மருந்து அல்ல, சித்தப்பா, ஈஸ்ட். நான் அங்கே வீட்டில் பீர் செய்வதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறேன். நம் வீட்டில் ஐந்து லிட்டர் மட்டும் செய்து உங்களுக்குக் காட்டலாம் என்று கொண்டு வந்தேன்" என்றான்.

அவன் முகத்தில் கள்ளமே இல்லை. பட்டம் விடும் பையன் தான் ஒட்டிய காற்றாடியைக் காட்டுவது போல் காட்டினான். எனக்கோ உடல் நடுங்கிற்று. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நான் அறிவியல் ஆசிரியனாக இருந்தவன். ஆகவே கோபத்தை அடக்கிக்கொண்டு அவன் சொல்வதைச் சற்று நேரம் கேட்டேன். கேட்கக் கேட்க, மாணவர்களுக்கு நான் இரண்டு வரிகளில் நடத்தி முடித்த நொதித்தல் பாடத்தை இவன் எத்துணை ஆழமாகக் கற்றிருக்கிறான் என்று வியந்தேன்.

பீருக்கு மூலப்பொருள் பார்லி என்னும் வாற்கோதுமை. அதை ஊற வைத்து முளைகட்டி, முளை நீளுமுன் உலர்த்தினால் மால்ட் ஆகிறது. நம் வீடுகளில் குழந்தைகளுக்குக் கேழ்வரகை முளைகட்டி மாவாக்குவதும் ஏறக்குறைய இதே முறைதான். முளைக்கும் தானியத்தில் மாப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதிகள் பிறக்கின்றன. மால்ட்டை உடைத்து ஏறத்தாழ 65 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அதை ஹாப்ஸுடன் கொதிக்க வைத்து ஆற்றியபின் ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். "இதுவரை செய்தது மனிதன், சித்தப்பா. இனிமேல் செய்வது ஈஸ்ட். நாம் அதற்கு ஊழியம் செய்கிறோம், அவ்வளவுதான்" என்றான்.

அந்த ஊழியத்திற்கு மூன்று விதிகள் உண்டாம். முதலாவது தூய்மை. கொதித்து ஆறிய சாற்றைத் தொடும் பாத்திரம், குழாய், கரண்டி அனைத்தும் கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் வேறு நுண்ணுயிர்கள் புகுந்து எல்லாவற்றையும் காடியாக்கிவிடும். இரண்டாவது வெப்பம். அவன் பயன்படுத்தும் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 பாகை உகந்தது. அதற்கு மேல் வெகுவாக ஏறினால் ஈஸ்ட் பதறிப் போய் வேலை செய்து, தொண்டையைக் காந்தும் வேண்டாத பொருள்களை உண்டாக்கும். மூன்றாவது பொறுமை. சர்க்கரை முழுவதும் தீரும் வரை, ஒரு வாரமோ இரண்டு வாரமோ, காத்திருக்க வேண்டும். கண்ணாடிக் கருவியைச் சாற்றில் மிதக்க விட்டுப் பார்த்தால் தொடக்கத்தில் 1.050 என்று காட்டுவது இறுதியில் 1.010 அளவுக்கு இறங்கி நின்றுவிடும். நின்றது உறுதியான பிறகே புட்டியில் அடைக்க வேண்டும்.

"முதல் முறை எனக்குப் பொறுமை இல்லை. முடியுமுன் அடைத்துவிட்டேன். நள்ளிரவில் அலமாரிக்குள் புட்டிகள் ஒவ்வொன்றாக வெடித்தன" என்று சிரித்தான். புதிய இரசத்தைப் பழைய தோற்பைகளில் ஊற்றி வைப்பவர் எவரும் இல்லை என்று ஆண்டவர் மொழிந்த உவமை எனக்கு நினைவுக்கு வந்தது. நொதிக்கும் இரசம் கரியமில வாயுவை வெளிவிடும். புதிய தோல் விரிந்து இடங்கொடுக்கும். காய்ந்து இறுகிய தோலோ கிழிந்துபோகும். ஆயிரம் முறை கேட்ட நற்செய்தியின் இயற்பியலை அன்று அண்ணன் மகனிடம் கற்றேன்.

பவேரியாவில் 1516-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, பீரில் வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறொன்றும் சேரலாகாது என விதித்தது. அதில் ஈஸ்ட்டின் பெயரே இல்லை! சட்டம் இயற்றியவர்களுக்கு அப்படி ஓர் உயிர் இருப்பதே தெரியாது. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர்தான் நொதித்தல் உயிருள்ள சிற்றுயிர்களின் செயல் என்பதை 1850-களின் பிற்பகுதியிலிருந்து சோதனைகளால் நிலைநாட்டினார். பீரைப் பற்றிய அவரது நூல் 1876-இல் வெளிவந்தது. 1883-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் ஒரே ஈஸ்ட் அணுவிலிருந்து தூய இனத்தைப் பெருக்கிக் காட்டினார். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கும் இல்லாத அந்த உயிரை அறியாமலே மனித குலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதனிடம் வேலை வாங்கியிருக்கிறது.

திருச்சபையும் இந்தக் கதைக்கு அந்நியம் அன்று. ஹாப்ஸ் பானங்களைக் கெடாமல் காக்கும் என்பதை 12-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தவர்களுள் ஒருவர் பிங்கனின் புனித ஹில்டெகார்ட். 2012-இல் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். பெல்ஜியம் நாட்டில் டிராப்பிஸ்ட் துறவிகள் இன்றும் தங்கள் மடங்களில் பீர் வடித்து, அந்த வருவாயில் மடத்தையும் அறப்பணிகளையும் நடத்துகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்து, "ஆகவே ஐந்து லிட்டர் செய்யலாமா?" என்று கேட்டான்.

"கூடாது" என்றேன். "உங்கள் இங்கிலாந்தில் 1963 முதல் வீட்டு உபயோகத்திற்கு உரிமம் வேண்டியதில்லை என்றாயே. இங்கே 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. அரசு கடை வைத்து விற்கலாம். நீயும் நானும் உரிமம் இன்றி வீட்டில் செய்வது குற்றம்."

"பாட்டி கிறிஸ்துமஸுக்குப் பீங்கான் ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் பட்டை கிராம்பும் போட்டு 21 நாள் கட்டி வைப்பார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார்களே, அது?"

விடை கூற முடியவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அதுவும் மதுவே. கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் அதை நாம் பலகாரக் கணக்கில் சேர்த்துவிட்டோம். பதில் இல்லாதவன் செய்வதையே நானும் செய்தேன், குரலை உயர்த்தினேன். "கள்ளக்குறிச்சியை மறந்தாயா? 2024 ஜூன் மாதத்தில் 60-க்கும் மேற்பட்டோர் செத்து மடிந்தார்களே!" என்றேன்.

அவன் அமைதியாகவே பதில் சொன்னான்: "அது மெத்தனால், சித்தப்பா. தொழிற்சாலை நஞ்சைப் பேராசைக்காரர்கள் சாராயத்தில் கலந்து விற்றார்கள். வாற்கோதுமையில் ஈஸ்ட் உண்டாக்குவது அதுவன்று. நீங்களே வேதியியல் சொல்லிக் கொடுத்தவர். சட்டம் என்றீர்கள், ஒப்புக்கொள்கிறேன், செய்ய மாட்டேன். ஆனால் உங்கள் முகத்தில் இருப்பது சட்டம் அன்று. வேறு ஏதோ இருக்கிறது. அதைச் சொல்ல மறுக்கிறீர்கள்."

நான் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டேன். அன்றிரவு பாஸ்கா திருவிழிப்பில் அருகருகே மெழுகுதிரி ஏந்தி நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. விடிந்ததும் அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு சிதம்பரத்திற்குப் புறப்பட்டுவிட்டான்.

இனி, நான் நடுங்கிய காரணத்தைச் சொல்கிறேன். அவன் தந்தை, என் உடன்பிறந்த அண்ணன், 1998-ஆம் ஆண்டு தம் 38-ஆம் வயதில் இறந்தார். மஞ்சள் காமாலை என்று பிள்ளையிடம் சொன்னோம். அது பொய் அன்று. கண்ணும் உடலும் மஞ்சளாகித்தான் இறந்தார். ஆயினும் அது உண்மையில் பாதி. குடியினால் கல்லீரல் இறுகிப் போனதே மற்றப் பாதி. ஆறு வயதுக் குழந்தைக்கு அது எதற்கு என்று அன்று எண்ணினோம். பத்து வயதில் சொல்லலாம் என்றோம். பிறகு பதினெட்டில் என்றோம். பிள்ளையின் மனத்தில் தந்தையின் படம் கறைபடாமல் இருக்கட்டும் என்று எங்களுக்கு நாங்களே காரணம் கற்பித்துக்கொண்டோம். மெய்யான காரணம் குடும்ப மானம். இருபத்தேழு ஆண்டுகளாக இறுக மூடி வைத்த புட்டி அது.

உயிர்ப்பு ஞாயிறு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய புளிப்பு மாவை அகற்றிவிட்டு, நேர்மையும் உண்மையும் என்னும் புளிப்பற்ற அப்பத்தோடு விழா கொண்டாடும்படி பவுலடியார் கொரிந்தியருக்கு அறிவுறுத்தும் பகுதி, அந்த நாளில் வாசிக்கப்படும் வாசகங்களுள் ஒன்று. அதே ஆண்டவர், விண்ணரசைப் பெண் ஒருத்தி மூன்று படி மாவில் பிசைந்து வைத்த புளிப்பு மாவுக்கும் ஒப்பிட்டார். நம் இலத்தீன் வழிபாட்டில் பீடத்தின்மேல் புளிக்காத கோதுமை அப்பமும், நன்கு நொதித்த திராட்சை இரசமும் அருகருகே வைக்கப்படுகின்றன. ஆகவே, புளிப்பு எதில் புகுந்தது, யார் அதைக் கண்காணிக்கிறார் என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும் அமைகின்றன. கண்காணிப்பின்றி நான் மூடி வைத்த மௌனம் இத்தனை ஆண்டுகளில் எதுவாக மாறியிருக்கும்?

திங்கட்கிழமை காலையில் பேருந்து ஏறினேன். கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம் தாண்டிச் சாலையோரப் பனைகளைப் பார்த்துக்கொண்டே சென்றேன். புதுச்சத்திரத்தில் பேருந்து சற்று நேரம் நின்றது. பனையோலைப் பட்டையில் ஒருவர் பதநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இறங்கி ஒரு பட்டை வாங்கிக் குடித்தேன். அடியில் சுண்ணாம்பு மெல்லியதாகப் படிந்திருந்தது.

பனம்பாளையிலிருந்து சொட்டும் சாறு ஒன்றே. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதில் விழுந்த உடனே வேலையைத் தொடங்கிவிடும். பொழுது விடியுமுன் கள்ளாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி வைத்தாலோ, அதன் காரத்தன்மையில் நுண்ணுயிர்கள் பெருகமாட்டா; சாறு பதநீராகவே இருக்கும். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. பதநீர் இறக்குவோர் கலயத்தைச் சுண்ணாம்பின்றிக் கட்டலாகாது. மரமும் ஒன்று, ஏறுபவரும் ஒருவர், சாறும் ஒன்று. முன்கூட்டியே தடவிய ஒரு விரல் சுண்ணாம்புதான் வேறுபாடு. புளித்த பிறகு எத்தனை படி சுண்ணாம்பைக் கொட்டினாலும் கள் பதநீராகாது.

பிள்ளையின் கலயத்தில் தடவவேண்டிய சுண்ணாம்பை நான் தடவாமல் விட்டேன் என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. குடிநோய் சில குடும்பங்களில் தலைமுறை தாண்டித் தொடரும் இயல்புடையது என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். அந்தச் செய்தி யாருக்குத் தெரிந்திருக்க வேண்டுமோ அவனுக்கு மட்டும் தெரியாது.

அண்ணி வீட்டில் அடுப்பங்கரையிலிருந்து ஆப்பம் மணந்தது. முன்பெல்லாம் ஆப்ப மாவுக்குக் கள் சேர்ப்பார்கள். இப்போது ஈஸ்ட்டோ இளநீரோ சேர்க்கிறார்கள். மகன் கொண்டு வந்த பொட்டலத்தில் ஒரு சிட்டிகையை எடுத்து, அண்ணி இரவே அரிசி மாவிலும் தேங்காய்ப்பாலிலும் கலந்து வைத்திருந்தார்கள். "பீர் ஈஸ்ட்டானாலும் வேலையைச் செய்துவிட்டது, தம்பி" என்று சொல்லி, ஓரம் மொறுமொறுப்பான ஆப்பத்தைத் தட்டில் வைத்தார்கள். அவன் என்னைப் பார்த்து எழுந்து நின்றான்.

"அண்ணி, இவனுக்கு அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும்" என்றேன்.

அண்ணி அடுப்பை அணைத்தார்கள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் அமர்ந்தார்கள். "நீங்களே சொல்லிவிடுங்கள், தம்பி. நான் சொல்ல நினைத்த போதெல்லாம் எனக்கு வாய் வரவில்லை" என்றார்கள்.

சொன்னேன். அண்ணன் எவ்வளவு நல்லவர் என்பதையும் சொன்னேன். பாடற்குழுவில் அவர் பாடியதையும், மாலையில் நண்பர்களோடு தொடங்கிய பழக்கம் தனிமையில் தொடர்ந்ததையும், மருத்துவமனையில் கடைசி நாள்களில் மகனைப் பார்க்க வெட்கப்பட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டதையும் சொன்னேன். நானும் என் பெற்றோரும் அதை நோய் என்று எண்ணாமல் அவமானம் என்று எண்ணி, வெளியே தெரியாமல் மறைப்பதிலேயே காலத்தைப் போக்கி, தக்க மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தவறியதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவன் நெடுநேரம் பேசவில்லை. தட்டில் ஆப்பம் ஆறிப் போயிற்று. பிறகு, "அப்பாவுக்கு 38 வயதா?" என்று கேட்டான். "ஆம்" என்றேன்.

"எனக்கு ஐந்து ஆண்டு இருக்கிறது" என்றான். சற்றுப் பொறுத்து, தலையைக் குனிந்தபடியே, "நண்பர்களோடு சேர்ந்துதான் செய்வோம், சேர்ந்துதான் குடிப்போம் என்று சொன்னேன் அல்லவா? சென்ற குளிர்காலத்தில் சில இரவுகள் தனியாகவும் குடித்தேன். எண்ணிக்கை கூடுவதை நானே கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை" என்றான்.

அண்ணி அவனை அருகில் இழுத்துத் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார்கள். நாங்கள் மூவரும் அழுதோம். அந்த அழுகை எனக்குப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு எழுந்ததைப் போல் இருந்தது.

பிறகு அவனே ஈஸ்ட்டைப் பற்றி ஒன்று சொன்னான். அதைப் பாடநூலில் நான் படித்திருந்தும் பொருள் உணர்ந்ததில்லை. திராட்சைச் சாற்றில் சர்க்கரை மிகுதியாக இருந்தால் ஈஸ்ட் ஓயாமல் உண்டு மதுவை உண்டாக்கிக்கொண்டே போகும். நூற்றுக்கு 14 பங்கு அளவில் மது சேர்ந்ததும், தான் உண்டாக்கிய அந்த மதுவிலேயே பெரும்பாலான ஈஸ்ட் மயங்கி மடிந்து அடியில் படிந்துவிடும். "அதற்கு நிறுத்தத் தெரியாது, சித்தப்பா. யாராவது நிறுத்த வேண்டும்" என்றான்.

அவன் இங்கிலாந்து திரும்பி மாதங்கள் சில ஆகின்றன. ஊருக்குச் சென்ற முதல் வாரத்திலேயே மருத்துவரைக் கண்டு குடும்ப வரலாற்றைச் சொல்லியிருக்கிறான். பீர் வடிக்கும் பாத்திரத்தை நண்பனுக்குக் கொடுத்துவிட்டான். ஈஸ்ட்டை மட்டும் விடவில்லை. ஞாயிறுதோறும் ரொட்டி சுட்டு அதன் படத்தை அனுப்புகிறான். வாரம் ஒருமுறை தொலைபேசியில், "எப்படி இருக்கிறாய்?" என்று நான் கேட்கும்போது, அந்தக் கேள்வியின் பொருள் இருவருக்கும் தெரியும். ஒருமுறை, "இந்த வாரம் கடினமாக இருந்தது" என்று உண்மையைச் சொன்னான். அதற்கு நான் ஆண்டவருக்கு நன்றி செலுத்தினேன்.

அன்புள்ள பெற்றோர்களே, மதுவே பாவம் என்று நான் எழுத வரவில்லை. கானாவூர் திருமணத்தில் ஆண்டவர் செய்த அருஞ்செயல் நாம் அறிந்ததே. ஆனால் எந்த அளவு மதுவும் உடல்நலத்திற்குத் தீங்கற்றதென்று சொல்ல முடியாது என உலக நலவாழ்வு நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாக அறிவித்திருக்கிறது. உங்கள் குடும்பத்தில் குடிநோயால் ஒருவர் இறந்திருந்தால், அதை உங்கள் பிள்ளைகளுக்கு வயது வந்ததும் மறைக்காமல் சொல்லுங்கள். இறந்தவரை இழிவு செய்யாமல், நோய் என்றே சொல்லுங்கள். இப்போது ஒருவர் அந்நோயில் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதை மறவாதீர்கள். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய மது அடிமைகள் மறுவாழ்வுக் கூட்டங்கள் நம் நாட்டிலும் நடைபெறுகின்றன. அவற்றில் பெயர் சொல்லவேண்டியதில்லை, கட்டணமும் இல்லை.

அண்ணியின் வீட்டில் அந்தப் பொட்டலத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. மடித்து, மூடியிட்ட டப்பாவில், குளிரில் வைத்திருக்கிறார்கள். அடுத்த உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அவன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஆப்பத்திற்கு அது போதும்.